சோகை ஒன்று, காரணம் பல

மும்பையின் பஞ்சாலைப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு இன்றும் சொல்லும் பாடம்: சோர்வுக்கு மாத்திரை தேடுமுன் ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-ல் பம்பாய் வந்தபோது அவர் முன் ஒரு புதிர் காத்திருந்தது. பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்ப காலத்தில் வெளிறி, மூச்சு வாங்கி, பிரசவத்தையொட்டி உயிரிழந்தனர். ரத்தசோகை என்பது தெரிந்தது. ஆனால் அவர்களுடைய சிவப்பணுக்கள், இரும்புச் சத்துக் குறைந்தால் சிறுத்துப் போவதுபோல் சிறுக்கவில்லை. மாறாக, அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன.

பரேலில் உள்ள ஹாஃப்கின் ஆய்வகத்தில் தொடங்கிய அவரது தேடல், குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்துக்கும், சென்னை திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரிக்கும் நீண்டது. கிருமியைத் தேடிச் சலித்தபின் அவர் நோயாளிகளின் சாப்பாட்டை ஆராய்ந்தார். மதுவடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து தயாராகும் 'மார்மைட்' என்ற மலிவான உணவுச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். வெளிறிய பெண்கள் தேறினார்கள். 1931-ல் முடிவு வெளியானது. அந்தச் சாற்றில் இருந்த மருந்து எது என்பது பின்னர் தெளிவாயிற்று: 1941-ல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலம்.

இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் சிவப்பு மாத்திரையில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதற்கு, அந்தப் பஞ்சாலைப் பெண்களும் ஒரு காரணம். ஆனால் சோகை தீரவில்லை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. ஆண்களிலும் நால்வரில் ஒருவருக்கு.

மூன்று வகை அணுக்கள்

ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் இடம் எலும்பு மஜ்ஜை. ஒவ்வொரு விநாடியும் அங்கே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் பிறக்கின்றன. நுரையீரலிலிருந்து பிராணவாயுவைச் சுமந்து சென்று உடலெங்கும் இறக்குவது இவற்றின் வேலை. சுமக்கும் பொருள் ஹீமோகுளோபின். அதன் மையத்தில் இருப்பது இரும்பு. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதன்பின் மண்ணீரலும் கல்லீரலும் அதைச் சிதைத்து, இரும்பை மட்டும் மிச்சம் பிடித்து மஜ்ஜைக்கே திருப்பி அனுப்புகின்றன.

வெள்ளையணுக்கள் உடலின் காவல் படை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். கிருமி நுழைந்தால் எண்ணிக்கை ஏறும். மஜ்ஜையில் இவை கட்டுக்கடங்காமல் பெருகினால் அது ரத்தப் புற்றுநோய். மூன்றாவது வகை தட்டணுக்கள். காயத்தில் ரத்தத்தை உறைய வைப்பவை. இவை ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும்.

சிறுத்ததா, பெருத்ததா?

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும், ஆண்களுக்கு 13-க்கும் கீழே இறங்கினால் சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலரும் இந்த ஓர் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். சி.பி.சி. எனப்படும் முழு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அதற்குச் சில வரிகள் கீழே எம்.சி.வி. என்று இன்னோர் எண் இருக்கிறது. சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. 80-க்குக் கீழே என்றால் அணு சிறுத்திருக்கிறது. 100-க்கு மேலே என்றால் பெருத்திருக்கிறது. லூசி வில்ஸுக்கு வழிகாட்டிய அதே தடயம்.

தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் தமிழ்ப் பெண், கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிடுகிறாள். மாதவிலக்கில் இழக்கும் இரும்பை அந்தச் சாப்பாடு ஈடுகட்டாது. அடுத்தடுத்த பிரசவங்களும் கொக்கிப்புழுவும் சேர்ந்தால் இருப்பு காலி. அணு சிறுக்கிறது. இங்கே தேவை இரும்பு மாத்திரை. ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாமல், உடலின் சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதம் தொடர வேண்டும்.

பக்கத்து மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசதியான சைவக் குடும்பங்களில் சோகைக்கு வேறு முகமும் உண்டு. வைட்டமின் பி12 மாமிசம், முட்டை, பால் பொருள்களில் மட்டுமே இயற்கையாகக் கிடைக்கிறது. சாப்பாட்டில் பாலும் தயிரும் குறைந்துபோன முதியவர்களுக்கு அது பற்றாமல் போகலாம். அணு பெருக்கிறது, கால் மரத்துப் போகிறது, நடை தடுமாறுகிறது, மறதி வருகிறது. வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இவர்களுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் சோகை மறையும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் ஃபில்டர் காபியும் டீயும், உணவிலுள்ள இரும்பை உடல் கிரகிக்க விடாமல் தடுக்கின்றன. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் நேர்மாறாக உதவும்.

ஆண்களுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ இரும்புச் சோகை வந்தால் அதைச் சாப்பாட்டுக் குறை என்று மட்டும் நினைக்கக் கூடாது. குடல் புண், மூலம், சில சமயம் குடல் புற்றுநோய் என எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

பிறப்பிலேயே வருவது

அணு சிறுத்திருந்தும் இரும்பு குறையாத ஒரு நிலை உண்டு: தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்கள். இந்தியர்களில் 3 முதல் 4 சதவீதம் பேர் இப்படி என்பது மதிப்பீடு. பிரிவினைக்குப் பின் செம்பூர் முகாமில் குடியேறிய சிந்தி சமூகத்தில் இது அதிகம். ஆனால் தமிழர்களுக்கும் விலக்கில்லை. சுமப்பவருக்குப் பெரிய தொல்லை இராது. இரும்புக் குறைவு இல்லாதவரை, இரும்பு மாத்திரையால் அவர் தேறுவதும் இல்லை. சுமப்பவர் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் கடும் தலசீமியாவோடு குழந்தை பிறக்க 25 சதவீத வாய்ப்பு. அந்தக் குழந்தை சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டும். திருமணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ செய்யும் எச்.பி.எல்.சி. பரிசோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிவப்பணு அரிவாள் போல் வளையும் அரிவாளணுச் சோகையும் பரம்பரை நோயே. இந்தியாவில் இது முதலில் 1952-ல் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டறியப்பட்டது.

அதே 1952-ல் பம்பாயில் இன்னொரு வியப்பு. டாக்டர் ஒய். எம். பெண்டேயும் சகாக்களும், சாதாரணப் பரிசோதனையில் 'ஓ' வகை போலவே தெரிந்தும் 'ஓ' ரத்தத்தை ஏற்காத புதிய பிரிவைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் உலகெங்கும் அதன் பெயர் 'பாம்பே' ரத்தப் பிரிவு. அவர்களுக்கு அதே பிரிவு ரத்தமே பொருந்தும்; மாற்றி ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. மேலோட்டமாகப் பார்த்தால் ரத்தம் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மழைக்காலப் பீதி

மும்பையில் மழை பிடித்தால் டெங்கு வரும். தட்டணுக் கணக்கும் வீட்டுக்கு வீடு பேச்சாகும். எண்ணிக்கை சரிந்தாலே தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. ரத்தக் கசிவு இல்லாதவர்கள் பெரும்பாலும் தாமாகவே மீள்கிறார்கள். கவனிக்க வேண்டியவை விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ரத்தக் கசிவு, காய்ச்சல் இறங்கும்போது வரும் மயக்கம். ஆஸ்பிரின், இபுப்ரொஃபென் மாத்திரைகள் கூடவே கூடாது. மலேரியா தாக்குவதோ சிவப்பணுக்களை. அதுவும் சோகையில் கொண்டுவிடும்.

தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. சி.பி.சி. பரிசோதனைக்கு வேண்டியது சில சொட்டு ரத்தம்தான். கர்ப்பிணிகள் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால், மாத்திரையின் பெயரை மாற்றிக் கேட்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: என் சிவப்பணு சிறுத்திருக்கிறதா, பெருத்திருக்கிறதா, அது ஏன்?