ஆதனவரி எல்லையும் அதன் பெயரும்

உள்ளூராட்சி மன்றங்களின் வருமான மூலங்கள் பற்றிய வினாவுக்கு ‘ஆதனவரி’ என்று ஒரு சொல்லில் விடை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் மாணவர் பலர். அந்த வரி எந்த இடத்தில் அறவிடப்படலாம், அந்த இடத்தை யார் பெயர் குறித்துப் பிரகடனம் செய்கின்றனர் என்பது வினவப்படும்போதுதான் தடுமாற்றம் ஏற்படுகின்றது. திருகோணமலையின் பாலையூற்றை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

பாலை மரத்தையும் நீரூற்றையும் நினைவூட்டும் இப்பெயரை ஊரவர் ஒரே பொருளிலேயே வழங்குவர். நிருவாகத்தில் அவ்வாறன்று. கிராம அலுவலர் பிரிவு என்பது பிரதேச செயலகத்தின் கீழ் வரும் அலகு. வாக்காளர் பதிவு, வதிவிடச் சான்று முதலியவற்றுக்கு உரியது. வட்டாரம் என்பது உறுப்பினரைத் தெரிவுசெய்வதற்கான அலகு. ஆதனவரி எல்லை இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று. மூன்றுக்கும் ஒரே பெயர் இருந்தாலும் கோடுகள் ஒரே இடத்தில் விழவேண்டும் என்ற நியதி இல்லை. கிராம அலுவலர் சான்றிதழைக் காட்டி வரி எல்லையை நிரூபிக்க முயல்வோர் பெரியவர்களிலும் உள்ளனர்.

சட்டம் இங்கு இரண்டு படிகளாக அமைகின்றது. முதற்படி, சபையை நிறுவுதல். விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் வர்த்தமானியில் வெளியிடும் கட்டளை மூலம் ஒரு பிரதேசத்தைப் பிரகடனம் செய்து, அதன் எல்லைகளை வரையறுத்து, சபைக்குப் பெயரும் வழங்குகின்றார். மாநகர சபைக்கு 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நகர சபைக்கு 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிரதேச சபைக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் என மூன்று சட்டங்கள் உள்ளன. திருகோணமலை நெடுங்காலம் நகர சபையாக இருந்தது. 2025 உள்ளூராட்சித் தேர்தல் அங்கு மாநகர சபைக்காகவே நடைபெற்றது. எனவே பழைய குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதினால் விடை தவறாகிவிடும். நகரை அடுத்துள்ள பகுதிகளுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச சபை உண்டு.

இரண்டாம் படியே முக்கியமானது. பிரதேச சபை தனது எல்லை முழுவதிலும் ஆதனவரி அறவிட முடியாது. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 134 ஆம் பிரிவின்படி, அபிவிருத்தியடைந்த பகுதி எனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்திலுள்ள ஆதனங்கள் மீதே அவ்வரியை விதிக்கலாம். பிரகடனத்துக்கு வெளியே உள்ள காணிகளுக்கு ஏக்கர் வரி என்ற வேறு ஏற்பாடு உண்டு. ஆகவே ஓர் ஒழுங்கையின் பெயர் வர்த்தமானி அட்டவணையில் இருக்கின்றதா, இல்லையா என்பது அவ்வொழுங்கையில் வாழும் குடும்பத்தின் செலவைத் தீர்மானிக்கின்றது. பெயர் இல்லையெனில் வரி இல்லை. ஆயினும் வீதிவிளக்கு, வடிகால், குப்பை அகற்றல் ஆகியவற்றைக் கேட்டுச் செல்லும்போது அவ்வொழுங்கையார் வலுவோடு பேசுவது கடினம். எந்தப் பக்கம் இலாபம் என்று உடனே கூறிவிட முடியாது.

பெயர் குறித்த பின்னரே மதிப்பீடு வரும். இதனைச் செய்வது பொதுவாக அரசாங்க விலை மதிப்பீட்டுத் திணைக்களம். வீதத்தைத் தீர்மானிப்பது சபை. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் இவ்விரு பணிகளும் பிரிக்கப்பட்டுள்ளன. அங்கு 1979 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒவ்வொரு கவுண்டியிலும் ஒரு மதிப்பீட்டு மாவட்டத்தை ஏற்படுத்தியது. அம்மாவட்டம் பெறுமதியைக் கணிக்கும், வரிவீதத்தை வேறு மன்றங்கள் விதிக்கும்.

கணிப்புக்கு அடிப்படை வீட்டின் விற்பனை விலையன்று, வருடாந்தப் பெறுமதியாகும். அதாவது அவ்வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் ஓராண்டில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய தொகையைத் தழுவியது. வருடாந்தப் பெறுமதி 24,000 ரூபா, வீதம் 5% எனக் கொள்வோம். ஆண்டு வரி 1,200 ரூபா. காலாண்டுக்கு 300 ரூபா. முழுத்தொகையையும் ஜனவரி 31 இற்கு முன் செலுத்துவோருக்குச் சபைகள் வழமையாக 10% கழிவு வழங்கும்; அப்போது 1,080 ரூபா போதுமானது. வழிபாட்டுத் தலங்களுக்குச் சட்டம் விலக்களிக்கின்றது. பாலையூற்றில் பலரும் அறிந்த லூர்து அன்னை ஆலயம் போன்றவற்றை இதற்கு உதாரணமாக எழுதலாம். ஆலயத்துக்கு அருகிலுள்ள வீட்டுக்கு இவ்விலக்குப் பொருந்தாது.

வரி நிலுவையானால் அசையும் ஆதனங்களைக் கைப்பற்றும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆதலால் மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்ததும் மூன்று விடயங்களைப் பார்க்கவேண்டும்: சபையின் பெயர், வீதியின் பெயர், வரி இலக்கம். முகவரியில் நாம் ‘இல.’ என்று எழுதுவது பெரும்பாலும் அந்த வரி இலக்கமே. பிழை இருப்பின் அறிவித்தலில் குறிக்கப்பட்ட திகதிக்குள் எழுத்து மூலம் ஆட்சேபனை தெரிவித்தல் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது ஆட்சேபனையாகாது. ‘அயல்வீட்டாருக்குக் குறைவு’ என்பதைவிட ‘எமது ஒழுங்கை பிரகடனத்தில் குறிப்பிடப்படவில்லை’ என்பது வலுவான காரணமாகும்.

பயிற்சி வினா: ஒரு வீடு பிரதேச சபை எல்லைக்குள் உள்ளது, ஆயினும் ஆதனவரி அறவிடப்படவில்லை. இது சட்டத்துக்கு முரணானதா? காரணம் தருக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: முரணானது என உடனே முடிவு செய்யலாகாது. அவ்வீடு அபிவிருத்தியடைந்த பகுதியாகப் பிரகடனப்படுத்தப்படாத இடத்தில் இருக்கலாம், அல்லது விலக்களிக்கப்பட்ட ஆதனமாக இருக்கலாம். 134 ஆம் பிரிவைக் குறிப்பிடாத விடைக்கு முழுப்புள்ளி எதிர்பார்க்க வேண்டாம்.