மருத்துவச் சீட்டின் ஆங்கிலம்

அண்மையில் எங்கள் புறநோயாளிப் பிரிவின் வாயிலில், தம் தாயாரின் திசு ஆய்வு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மாணவர் கலங்கி நின்றார். 'நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி' என்று அதில் இருந்தது. நெகட்டிவ் என்றால் பாதகம், மாலிக்னன்சி என்றால் புற்று என்று கூட்டிப் படித்து, எல்லாம் முடிந்துவிட்டதென்று அவர் எண்ணிவிட்டார். புற்றணுக்கள் காணப்படவில்லை என்பதே அவ்வரியின் பொருள். அவர் பள்ளி முதல் ஆங்கிலம் பயின்றவர்.

குறை அவருடையதன்று. பள்ளியில் கற்ற சொற்களையே மருத்துவம் வேறு பொருளில் ஆள்கிறது. சோதனையில் 'பாசிட்டிவ்' என்றால், தேடியது கிடைத்தது என்று பொருள். அது நற்செய்தியாக இருக்க வேண்டியதில்லை. ஸ்கேன் அறிக்கையில் 'அன்ரிமார்க்கபிள்' என்றிருந்தால், குறிப்பிடத்தக்க கோளாறு ஏதுமில்லை என்று மகிழலாம். 'அக்யூட்' என்பது திடீரெனத் தோன்றியது. 'க்ரானிக்' என்பது நெடுநாளாக நீடிப்பது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கம்ப்ளெயின்ட்ஸ்' என்ற தலைப்பைப் பேரன் 'புகார்கள்' என்று மொழிபெயர்க்கக் கேட்ட மூதாட்டி ஒருவர், "நான் யார் மேலும் புகார் சொல்லலையே!" என்று செவிலியரிடம் வருத்தப்பட்டார். அவர் கூறிய உடல் உபாதைகளே அத்தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருந்தன.

இந்த ஆங்கிலத்தைப் பழகத் தனி நூல் வேண்டாம். உங்கள் கோப்பே பாடநூல். நீரிழிவு உள்ளவர் வீட்டில் முதலில் அறிய வேண்டியவை 'ஹைப்பர்', 'ஹைப்போ' என்னும் இரு முன்னொட்டுகள். முன்னது மிகுதி, பின்னது குறைவு. ஒலியில் சிறு வேற்றுமைதான். செய்ய வேண்டியதோ நேர் எதிர். இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்குவது ஹைப்போகிளைசீமியா. வியர்வையும் நடுக்கமும் தோன்றும். நோயாளி நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று தேக்கரண்டியளவை, நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஹைப்பர்கிளைசீமியாவில் அதே சர்க்கரை நீர் நிலைமையை மோசமாக்கும். இவ்விரு சொற்களையும் பொருளோடு எழுதி, இன்சுலின் வைத்திருக்கும் இடத்தருகே ஒட்டிவையுங்கள்.

மருந்துச்சீட்டின் சுருக்கெழுத்துகளை ஆங்கில அகராதியில் தேடிச் சலிக்க வேண்டாம். அவற்றுட் பல இலத்தீன மொழியிலிருந்து வந்தவை. ஓ.டி. நாளுக்கு ஒருமுறை, பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மும்முறை. ஹெச்.எஸ். உறங்குமுன்; எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். 1-0-1 என்பது காலையும் இரவும். கண் மருத்துவரின் சீட்டிலோ அதே ஓ.டி. வலக்கண்ணைக் குறிக்கும். ஆகவே எந்தப் பிரிவின் சீட்டு என்று முதலில் பாருங்கள்.

சொற்கள் தெரிந்தும் வாக்கியம் நழுவுவதுண்டு. முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையுடன் 'ஒன்ஸ் எ வீக்' என்று எழுதப்படும். 'ஒன்ஸ்' என்பதோடு கண் நின்றுவிட்டால், வாரம் ஒருமுறைக்குரிய மருந்து நாள்தோறும் உள்ளே போகும். எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். வாக்கியத்தை இறுதிவரை படித்து, உண்ண வேண்டிய கிழமையை மருந்து அட்டையின் மேல் தமிழில் எழுதிவிடுங்கள்.

வீடு திரும்பும் நாளில், படித்ததை எங்கள் செவிலியரிடம் உங்கள் சொற்களில், தமிழிலேயே சொல்லிக் காட்டுங்கள்: எந்த மருந்து, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள், மறுபடி வர வேண்டியது என்று. எங்காவது தடுமாறினால் அவ்விடத்தை அவர் மீண்டும் விளக்குவார்; அவசரப்பட்டு "புரிந்தது" என்று தலையசைக்க வேண்டாம். கையெழுத்து விளங்காவிட்டாலும் ஊகிக்காதீர்கள். மருந்தின் பெயர் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுதப்பட வேண்டும் என்பது 2016 முதல் நம் நாட்டு மருத்துவர்களுக்கான நெறிமுறை. திருத்தி எழுதித் தருமாறு கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. நாங்கள் எழுதிய சீட்டாக இருந்தாலும் கேளுங்கள்.