2 ராட்சத கப்பல்களுடன் மோதிய "பொடியன்" கப்பல்!

நடுக்கடலில் ஒரே பீரங்கியுடன் மல்லுக்கட்டு

1942-ம் ஆண்டு நவம்பர் 11-ந்தேதி. இரண்டாம் உலகப்போர் நேரம். இந்திய பெருங்கடலில், கோகோஸ் தீவுகளுக்கு தென்மேற்கே 2 கப்பல்கள் போய்க்கொண்டு இருந்தன.

ஒன்று, "ஒண்டினா" என்ற டச்சு எண்ணெய் கப்பல். மற்றொன்று, காவலுக்கு வந்த "பெங்கால்". இந்திய கடற்படைக்காக சிட்னியில் கட்டிய புத்தம்புது கப்பல். எடை சுமார் 650 டன்தான். முன்புறம் ஒரே ஒரு சின்ன பீரங்கி.

எலியும் யானையும்

திடீர் என்று "ஹோகோகு மாரு", "ஐகோகு மாரு" என்ற 2 ஜப்பான் கப்பல்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் 10 ஆயிரம் டன்னுக்கு மேல்!

எண்ணெய் கப்பலை தப்பி ஓடும்படி சொல்லிவிட்டு, பெங்கால் கேப்டன் வில்சன் எதிரியை நோக்கியே கப்பலை திருப்பினார். யானை மேல் எலி பாய்ந்த கதைதான்.

ஒண்டினாவும் சும்மா இல்லை. அதன் பின்புற பீரங்கியும் முழங்கியது. ஹோகோகு மாரு தீப்பிடித்து, வெடித்து மூழ்கியது. யார் போட்ட குண்டு? இரு தரப்பும் உரிமை கொண்டாடின. ஒண்டினாவின் குண்டு என்பதே பலர் கணிப்பு.

பெங்காலில் குண்டுகள் தீர்ந்துபோகும் நிலை. புகை போட்டு நழுவி, டீகோ கார்சியா தீவு போய் சேர்ந்தது. ஒருவர்கூட சாகவில்லை. ஒண்டினா மூழ்கிவிட்டது என்றே நினைத்தார்கள்.

படகு மீது சூடு

அங்கே நடந்ததோ வேறு. ஒண்டினாவின் கேப்டன் குண்டுபட்டு செத்தார். படகில் இறங்கிய மாலுமிகளை ஜப்பானியர் எந்திர துப்பாக்கியால் சுட்டனர். டார்பிடோ பாய்ந்தும் கப்பல் மட்டும் மூழ்கவில்லை!

எதிரி போனதும் மிஞ்சியவர்கள் மறுபடி ஏறி, ஆஸ்திரேலியாவின் பிரிமேண்டில் துறைமுகத்துக்கே ஓட்டி வந்துவிட்டார்கள்.

பெங்கால், சுதந்திரத்துக்கு பிறகும் இந்திய கடற்படையில் ஓடியது. 1960-ல் அதை உடைத்தார்கள்.