உட்கார்ந்து சாப்பிட்ட ஊர்

சென்னை கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களை எளிதாக அடையாளம் காணலாம். அவர்கள் செடிகளைப் பார்ப்பதில்லை. "இங்கதான் கார் வரிசையா நிக்கும், அங்க பெரிய ஹால்" என்று கூட வந்த பிள்ளைகளுக்கு வெறும் புல்தரையைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த இடம் அது. 1962-இல் தொடங்கியது, 2008-இல் மூடப்பட்டது. நில வழக்கு முடிந்து அரசு இடத்தை எடுத்துக்கொண்டு 2010-இல் பூங்காவாகத் திறந்துவிட்டது.

டிரைவ்-இன் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கார் ஜன்னலில் மாட்டிவிடும் தட்டைத்தான் எழுதுவார்கள். தட்டு வேடிக்கைக்குச் சரி. அந்த இடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் வந்தவர்கள். மருந்துக் கம்பெனி ரெப்புகள் அங்கே கூடி, அன்றைக்கு எந்த டாக்டரை யார் பார்ப்பது என்று பிரித்துக்கொள்வார்கள். உதவி இயக்குநர்கள் தயாரிப்பாளர் ஆகக்கூடும் என்று தோன்றிய எவருக்கும் கதை சொல்வார்கள். வேலை இல்லாதவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி காலையிலேயே வந்துவிடுவார்கள். ஒரு காபி வாங்கினால் போதும், மதியம்வரை யாரும் எழுப்பமாட்டார்கள்.

சென்னை ஹோட்டல்கள் மாறிய கதையை ருசியை வைத்துச் சொல்வதுதான் வழக்கம். "அந்த சாம்பார் இப்ப எங்க சார் கிடைக்குது?" என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இருபது வயதுப் பசியில் எந்த சாம்பாரும் அமிர்தம்தான். நாற்காலியைக் கவனித்தால் கதை இன்னும் தெளிவாகத் தெரிகிறது: இந்த ஊரில் சாப்பிட யார் உட்காரலாம், எங்கே உட்காரலாம், எவ்வளவு நேரம் உட்காரலாம்?

முதல் கேள்விக்கு அந்தக் காலத்துப் பதில் அழகானதாக இருக்கவில்லை. இன்று நாம் உருகும் சைவ ஹோட்டல் பாரம்பரியத்தில் பெரும்பகுதி உடுப்பிக்காரர்கள் போட்ட அஸ்திவாரம். கடந்தலே கிருஷ்ணராவ் என்பவர் ஜார்ஜ் டவுனில் சின்ன அளவில் தொடங்கி, மவுண்ட் ரோட்டுக்கு வந்து, 1938-இல் ராயப்பேட்டையில் ஒரு பங்களாவை எடுத்து உட்லண்ட்ஸ் ஆக்கினார். டிரைவ்-இன்னும் அந்தக் குடும்பத்துக் கிளைதான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சீதாராமராவின் தாசப்பிரகாஷ் ஐஸ்கிரீமுக்குப் பேர்போனது. அந்தக் கட்டடமும் இப்போது இல்லை. சுத்தம், நேரம், கணக்கு மூன்றையும் ஹோட்டல் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள். அதே காலத்து ஊரில், பல காபி கிளப்புகளின் வாசலில் 'பிராமணாள்' என்ற பலகையும் தொங்கியது. உள்ளே பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். சில இடங்களில் மற்றவர்களுக்கு இடமே இல்லை. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மறியல் தொடங்கினார்கள். பலகையிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. நாள்தோறும் ஒரு குழு போவதும் கைதாவதுமாக மாதக்கணக்கில் அது நடந்தது. 'அன்று எல்லாம் நன்றாக இருந்தது' என்று சொல்லும்போது இந்தப் பலகையையும் சேர்த்து மாட்டித்தான் படம் பிடிக்க வேண்டும்.

கறி மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மிலிடரி ஹோட்டல் இருந்தது. அங்கே பலகை கிடையாது. ஆனால் வீட்டில் சொல்லிவிட்டுப் போகிற வழக்கமும் பலருக்குக் கிடையாது. 1951-இல் மவுண்ட் ரோட்டில் ஏ. எம். புஹாரி திறந்த ஹோட்டல் அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் கலைத்தது. பளிச்சென்ற இடம், பிரியாணி, டீ, சினிமா விட்டு வருகிற கூட்டம். சிக்கன் 65 தங்கள் அடுப்பில் 1965-இல் பிறந்தது என்பது புஹாரிக்காரர்கள் சொல்லும் கணக்கு. மற்றவர்கள் வேறு வேறு கணக்கு சொல்வார்கள். எது உண்மையோ, இன்று தள்ளுவண்டிகளில் செக்கச்செவேலென்று மிதக்கும் பண்டத்துக்கு அந்த முன்னோரோடு உறவு சொல்லிக்கொள்ள நிறையத் துணிச்சல் வேண்டும்.

பெண்கள்? 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று எழுதிய பாதிக் கதவுக்குப் பின்னால் மின்விசிறி சரியாகச் சுற்றாத ஓர் அறை இருக்கும். குடும்பத்தோடு வந்தால் அங்கே. தனியாக ஒரு பெண் ஹோட்டலுக்குள் நுழைந்து டிபன் சாப்பிட்டுக் காபி குடித்து பில் கொடுத்துவிட்டுப் போனால், அந்தத் தெரு முழுக்க அவளைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கும்.

உட்காரும் நேரத்தில் மட்டும் அந்தக் கால ஊர் தாராளமானது. ரத்னா கபேயில் சாம்பார் இட்லி கேட்டால், சாம்பார் வாளியோடு ஒருவர் வரிசையாக வந்துகொண்டே இருப்பார். இட்லி மூழ்கி, பிறகு காணாமலே போய், கடைசியில் நீங்கள் சாப்பிட்டது இட்லி சாம்பாரா, சாம்பார் மட்டுமா என்று சொல்ல முடியாது. 1948-இல் தொடங்கிய அந்தக் கடை திருவல்லிக்கேணியில் இன்னும் இருக்கிறது. வேறு பேட்டைகளிலும் கிளைகள் வந்துவிட்டன. கொஞ்ச தூரத்தில், அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ். மேன்ஷன் என்று இங்கே சொல்லும் விடுதிகளில் தங்கும் இளைஞர்களின் தாய்வீடு. டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்து, கூப்பிட்டால் உள்ளே போய் உட்கார வேண்டும். மேன்ஷன் அறையில் கட்டிலும் கொடிக்கயிறும்தான் இருக்கும். நாற்காலி என்று ஒன்றை அந்த இளைஞர்கள் சந்திப்பது ஆபீஸிலும் மெஸ்ஸிலும்தான்.

மயிலாப்பூர் அருண்டேல் தெருப் பக்கம் ராயர் மெஸ்ஸில் இடம் அதைவிடக் குறைவு. பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. அன்று மாதிரியே இன்றும் சந்தில் காத்திருக்கத்தான் வேண்டும். முன்பு காத்திருந்தவர்கள் பேப்பர் படித்தார்கள், இப்போது காத்திருப்பதையே படம் எடுக்கிறார்கள். அதைத் தவிர வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

சமையல்கட்டில் நடந்த மாற்றத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆட்டுக்கல்லில் கை வலிக்க ஆட்டிய ஆட்களின் இடத்துக்குக் கோயம்புத்தூர் கிரைண்டர் வந்தது. சரக்கு மாஸ்டர் என்ற கோபக்காரக் கலைஞரின் இடத்தில், அளவு எழுதி ஒட்டிய தாளைப் பார்த்துச் செய்கிற, பெரும்பாலும் வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்த பையன்கள் நிற்கிறார்கள். தினமும் ஒரே மாதிரி இட்லி கிடைப்பதற்கு இவை இரண்டும் காரணம். சில நாள் தெய்வீகமாகவும் சில நாள் கல்லாகவும் இருந்த பழைய இட்லியைவிட இது எனக்குப் பரவாயில்லை. மாஸ்டர் சண்டை போட்டுக்கொண்டு போன மறுநாள் அந்தக் கடைகளில் சாப்பிட்டவர்கள் என் கட்சிக்கு வருவார்கள்.

நாற்காலியின் நிம்மதி 1981-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அந்த வருடம் கே.கே. நகரில், மளிகைக் கடை வைத்திருந்த பி. ராஜகோபால் சரவண பவனைத் திறந்தார். உடுப்பிக்காரர்களும் பாலக்காட்டு அய்யர்களும் கையில் வைத்திருந்த தொழிலுக்குள் தென்மாவட்டத்து வியாபாரி ஒருவர் நுழைந்தது சின்ன விஷயம் இல்லை. தட்டில் வட்டமாக நறுக்கிய வாழையிலை, பல வகைச் சட்னி, பளபளக்கும் கல்லா. முதலாளி பின்னாளில் கொலை வழக்கில் தண்டனை பெற்று 2019-இல் இறந்தார். அது தனிக் கதை. ஹோட்டலைப் பொறுத்தவரை நடந்தது இதுதான்: வீட்டில் சமைத்துவிட்டு வரும் மாமிகளும், குழந்தையோடு வரும் தம்பதிகளும், கிராமத்திலிருந்து வந்த உறவினர்களும் கூச்சமில்லாமல் ஒரே ஹாலில் உட்கார்ந்தார்கள். குடும்ப அறையின் பாதிக் கதவு தானாகக் காணாமல் போயிற்று.

ஊரே வந்தால் நாற்காலி எங்கே போதும்? அப்போதுதான் சென்னைக்கே உரிய அந்த வழக்கம் பிறந்தது. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நிற்கும். நிற்பதோடு சரி, ஒன்றும் பேசாது. உங்கள் தட்டில் எத்தனை விள்ளல் பாக்கி என்று குழந்தை எண்ணும். காபி சொல்லலாமா என்று யோசிக்கிற நேரத்தில் அந்த வீட்டுப் பாட்டி முழங்காலைத் தடவிக்கொள்வார். காபி வேண்டாம் என்று எழுந்துவிடுவீர்கள். இந்தக் கலையில் தி.நகர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பிறகு நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். இடுப்புயர மேஜை, முன்கூட்டியே பில், செல்ஃப் சர்வீஸ். நிற்கிறவன் சீக்கிரம் போய்விடுவான் என்பது வாடகை கட்டுகிறவருக்குத் தெரியும். நின்று சாப்பிடுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. கையேந்தி பவன் என்று கிண்டலும் பாசமுமாகப் பெயர் வைத்தவர்கள் நாம்தானே. பாரிமுனை அருகே இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ விற்கும் வண்டிகளைச் சுற்றி மாலையில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த பண்டம் அது. நூடுல்ஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப்பு. உட்கார இடமில்லாமல் வந்து இறங்கியவர்களின் சாப்பாட்டை ஊர் இன்றும் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறது.

2013 பிப்ரவரியில் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்திலும் நிற்கும் மேஜைதான். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே நின்ற யாரும் நாற்காலி இல்லை என்று குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆட்டோ ஓட்டுநரும் கட்டட வேலைக்காரரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவரும் ஒரே மேஜையில் தட்டு வைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது, முரளி கபே வாசலில் கைதானவர்களுக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்திருக்கும் என்று நினைப்பேன்.

கடைசி மாற்றம் நம் கைக்குள் இருக்கிறது. ஸ்விக்கி, சொமேட்டோ வந்த பிறகு உட்காரவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம், படுத்துக்கொண்டே வரவழைக்கலாம். பார்சல் பழைய விஷயம்தான். முன்பு வாழையிலையும் பேப்பரும் சணல் கயிறுமாகக் கட்டித் தருவார்கள். பிறகு சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றை அடைத்து, நூலைச் சுழற்றி முடிச்சுப் போடுகிற வித்தை வந்தது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும் டப்பாக்கள் பெருகின. இதெல்லாம் சாப்பாட்டோடு கூடுதலாக வந்த வசதி. இப்போது வசதிக்கு ஏற்ற சாப்பாட்டையே ஊர் தேர்ந்தெடுக்கிறது.

தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து மேஜைக்கு வரும் அந்த அரை நிமிடம்தான் அதன் வாழ்க்கை. டப்பாவில் மடித்து அண்ணா சாலை சிக்னலில் நின்று மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தால் அது ஈரத்துணி. பிரியாணியோ மூடி வைக்க வைக்க வாசம் கூடும் ஜாதி. முக்கால் மணி நேரம் வண்டியில் குலுங்கினாலும் கவலையில்லை. செயலிகள் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் பிரியாணி முதலிடத்தில் நிற்பதற்கு நம் நாக்கு மட்டும் காரணமில்லை, அதன் பயணம் தாங்கும் குணமும்தான். தெருவுக்குத் தெரு பிரியாணிக் கடை முளைத்ததும், உட்கார இடமே இல்லாத சமையல்கூடங்கள் பல பெயர்களில் ஒரே அடுப்பிலிருந்து விற்பதும் இந்தக் கணக்கில்தான். கமிஷன் பில்லில் கால்வாசிவரை போகிறது என்று ஹோட்டல்காரர்கள் புலம்புகிறார்கள். புலம்பிக்கொண்டே பார்சல் கவுன்டரைப் பெரிதாக்கி, ஹாலைச் சின்னதாக்குகிறார்கள்.

உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றால் நுங்கம்பாக்கத்திலும் அடையாறிலும் கபேக்கள் இருக்கின்றன. ஒரு கப் காபியின் விலைக்கு மெஸ்ஸில் முழுச் சாப்பாடு இரண்டு வரும். அந்த விலையில் காபிக்கு உரியது கொஞ்சம், மீதி மூன்று மணி நேர நாற்காலி வாடகை. சார்ஜர் குத்த ஒரு துளையும் சேர்த்தி. டிரைவ்-இன்னில் இலவசமாக இருந்தது இங்கே விலைக்கு வந்துவிட்டது என்று குமுறலாம். எனக்கும் குமுறல் உண்டு. ஆனால் அங்கே ஜன்னலோரம் லேப்டாப்பை விரித்துத் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டிரைவ்-இன்னின் அந்தத் தாராள நாட்களில் அவளுக்கு அப்படி ஒரு மேஜை கிடைத்திருக்காது.

இப்போது எந்த ஹோட்டல் வாசலிலும் சாப்பிட வந்தவர்களைவிட, ஆர்டர் எண்ணைச் சொல்லிக்கொண்டு நிற்கிற டெலிவரி ஆட்கள்தான் அதிகம். சில ஹோட்டல்கள் அவர்களுக்கென்று பக்கவாட்டில் தனி ஜன்னல் வைத்திருக்கின்றன, ஹாலுக்குள் வரக்கூடாது. தனி வழி, தனி ஜன்னல் என்பதெல்லாம் இந்த ஊரின் ஹோட்டல் சரித்திரத்தில் ஏற்கெனவே பார்த்த ஏற்பாடுகள்தாம். இந்த முறை பலகையில் சாதியின் பெயர் இல்லை. வெயிலில் பைக் சீட்தான் அவர்களுக்கு நாற்காலி. 2025-இல் மாநகராட்சி அண்ணா நகரில் அவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை ஒன்றைத் திறந்தது. உட்காரலாம், போனுக்குச் சார்ஜ் போடலாம், கழிப்பறை உண்டு. அடுத்த ஆர்டர் வரும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள்.