ஐந்தரை மணிக்கு யார் ஓடச் சொன்னது?

நவம்பர் கடைசி வாரம், காலை ஐந்தரை. தில்லி நேரு பார்க்கில் எட்டுப் பெண்கள் ஷூ லேஸை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் கல்லூரி மாணவிகள். பாதிப் பேர் ஹரியானாக்காரர்கள். மோதி பாக் குவார்ட்டர்ஸிலிருந்து ரிங் ரோட்டைத் தாண்டி, ஓடியேதான் வந்திருக்கிறார்கள்; வார்ம் அப் அதிலேயே முடிந்துவிடும். மங்கி குல்லாவும் ஸ்டாப்வாட்ச்சுமாக நிற்கும் கோச் நம்ம திருநெல்வேலிப் பக்கம். லெனின் சிலை எந்தப் பக்கம் என்று கேட்டேன். கை காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. இருட்டு பாதி, புகை பாதி.

பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது மெடல் கதை. அதற்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. 2010 காமன்வெல்த் போட்டியில், இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நேரு ஸ்டேடியத்தில், நாசிக் பக்கத்துக் கவிதா ராவத் 10,000 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். காமன்வெல்த் ட்ராக்கில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். அது அக்டோபர் முதல் பாதி. தீபாவளிக்குப் பிறகு, இந்தப் புகையில் அதே ஓட்டத்தை வைத்திருந்தால் என்ற நினைப்பு வந்ததுமே மெடல் கதை என் கையை விட்டுப் போய்விட்டது.

மூன்றாவது ரவுண்டு முடிந்து வந்தவர்களில் இருவர் இடுப்பில் கை வைத்து இருமினார்கள். கோச் நோட்டில் நேரத்தைக் குறித்தார். அதே பக்கத்தில் இன்னொரு கட்டம், அதில் சின்னச் சின்ன வட்டங்கள். "அது மாதவிலக்குத் தேதி. நான் கேட்கமாட்டேன். சீனியர் பொண்ணு ஒண்ணு எல்லார்கிட்டயும் கேட்டுப் போட்டுரும். ரெண்டு மாசம் வட்டம் விழலைன்னா கிலோமீட்டரைக் குறைச்சு, சாப்பாட்டைக் கூட்டி, டாக்டர்கிட்ட அனுப்பிருவேன்." பெண்களுக்குக் கோச்சிங் கொடுக்கும் ஆண்களில் இந்தக் கட்டத்தைப் போடுகிறவர்கள் எத்தனை பேரோ!

இவ்வளவு விவரமான மனிதர் ஏன் ஐந்தரைக்கு ஓடவிடுகிறார்? "மே மாசத்துப் பழக்கம் சார்." மே மாதம் சரி, ஏழு மணிக்கே வெயில் உரிக்கும். நவம்பரில் கணக்கு தலைகீழ். இரவில் தரை குளிர்ந்ததும், மேலே நிற்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. லாரிப் புகை, குப்பை எரித்த புகை, வயல் புகை எல்லாம் அதற்கடியில் விடியும்வரை கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலையும். பெரும்பாலும் பிற்பகல் 2 முதல் 4 மணி வரை தேவலை. அந்த நேரத்தில் நம் பெண்கள் வகுப்பில்.

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கிறார். பந்தய வேகத்தில் ஓடும் பெண்ணுக்கு 80, 100 லிட்டர் வேண்டும். அதுவும் வாய் வழியாக. மூக்கு செய்யும் வடிகட்டல் அங்கே கிடையாது. புகையிலுள்ள நுண்துகளுக்கு நம் நாட்டு ஒருநாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 15. மோதி பாகுக்கு அடுத்த ஆர்.கே. புரம் மானியில் நவம்பரில் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் அது செய்தியே அல்ல.

பெண்களுக்கு இன்னொரு சங்கடம். 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. வண்டிப் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். இருக்கிற கொஞ்சத்தையும் ரிங் ரோட்டுப் புகைக்குப் பங்கு வைத்துவிட்டு, டைமிங் ஏன் குறையவில்லை என்று கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்?

கிராஸ் கன்ட்ரிப் போட்டி குளிர்காலத்தில் வந்தால் குளிர்காலத்தில்தானே தயாராக வேண்டும் என்கிறார்கள் சில கோச்சுகள். வாதம் சரிதான். அப்படியானால் போட்டியை நகர்த்துங்கள். 2017 நவம்பரில், டாக்டர்கள் வேண்டாம் என்று சொல்லியும் நடந்த தில்லி அரை மாரத்தான் இப்போது அக்டோபரில் நடக்கிறது. பணமும் வெளிநாட்டு வீரர்களும் வரும் ஓட்டத்துக்குக் காலண்டர் வளைகிறது. பிப்ரவரி, மார்ச்சில் இந்த ஊர் பூத்துக் கிடக்கும். கிராஸ் கன்ட்ரிக்கு அதைவிட நல்ல பருவம் உண்டா? பரீட்சை வருமாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்த பெண்ணுக்குப் பரீட்சையைப் பற்றி இவ்வளவு அக்கறை மற்ற மாதங்களில் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஊருக்குக் கிளம்புமுன் கோச்சுக்குப் போன் செய்தேன். புதன்கிழமை மட்டும் மூன்று மணிக்கு வரச்சொல்லிப் பார்த்தாராம். எட்டில் ஐந்து பேர்தான் வந்தார்கள். மற்ற மூவருக்கும் கெமிஸ்ட்ரி லேப்.