வீட்டினுள் வளர்க்கும் குறுமரங்களுக்கு ஏற்ற விளக்கு

தட்டுப் போன்ற ஆழமில்லாத தொட்டியில் பல்லாண்டு வைத்து, கிளையும் வேரும் கழித்து, சிறிய உருவிலேயே முதுமரத்தின் தோற்றம் வரும்படி வளர்க்கப்படும் மரங்களுக்குப் போன்சாய் என்று பெயர். இக்கலை சீன தேசத்தில் தோன்றி ஜப்பானில் செழித்தது. தமிழ்நாட்டு நகரங்களிலும் இவற்றை விரும்பி வாங்குவோர் உளர். ஆதலால் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் நிலமுடையோர் சிலர் இதனை ஓர் உபதொழிலாகக் கொண்டிருக்கின்றனர்.

இத்தொழிலில் நேரும் பெருநஷ்டம் யாதெனில், பண்ணையில் செழிப்பாய் நின்ற மரம், வாங்கியவருடைய வீட்டுக் கூடத்தில் இரண்டொரு மாதங்களுக்குள் இலையுதிர்ந்து பட்டுப்போவதாம். வாங்கியவர் பண்ணைக்காரரைக் குறை கூறுவர்; பண்ணைக்காரரோ, வாங்கியவர் தண்ணீர் விட்ட விதத்தைக் குறை கூறுவர். இடையில் பத்தாண்டு உழைப்பு வீணாகின்றது. பண்ணையின் நற்பெயரும் கெடுகின்றது. பெரும்பாலும் இதற்குக் காரணம் வெளிச்சக் குறைவேயாகும்.

வெளிச்சத்தின் அளவு

இலையானது ஒளியைக் கொண்டே தன் உணவைச் சமைக்கின்றது. ஆகவே, எருவும் நீரும் எவ்வளவு இட்டாலும் ஒளிக்குறையை அவை ஈடு செய்யா. இவ்விஷயத்தில் மனிதனுடைய கண் நம்பத்தக்க சாட்சியன்று. கண்மணி இருளில் விரிந்தும் வெளிச்சத்தில் சுருங்கியும் தன்னைச் சரிசெய்து கொள்ளுவதால், வீட்டுக் கூடம் நமக்கு வெளிச்சமாகவே தோன்றும். அளவுகருவியோ வேறு கூறும். நடுப்பகலில் திறந்த வெளியில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளி உண்டு. சாளரத்திலிருந்து விலகிய கூடத்தின் நடுவில் 100 முதல் 300 லக்ஸ் வரையே இருக்கும். வெளியில் உள்ளதில் முந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த ஒளியில் மரத்தை வைத்துவிட்டு, அது வாடுவதைக் கண்டு வியப்பதில் பொருளில்லை.

ஒளி போதாத மரத்தைச் சில குறிகளால் அறியலாம். கணுவுக்குக் கணு இடைவெளி நீளும்; புதிய இலைகள் மெலிந்து அகன்று வெளிறும்; உட்கிளைகளின் இலைகள் முதலில் உதிரும். மரம் நீரைக் குறைவாகவே உறிஞ்சுவதால் தொட்டி மண் நெடுநாள் ஈரமாகவே நின்று வேர் அழுகும். இவ்வழுகலைக் கண்டே பலர் தண்ணீரின்மேல் பழி போடுகின்றனர்.

மின்விளக்கும் பயிரும்

மின்னொளியில் பயிர் வளர்க்கும் முயற்சி புதிதன்று. 1880-ஆம் ஆண்டில் வில்லியம் சீமென்ஸ் இங்கிலாந்தில் இதனைச் சோதித்தார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து பெய்லி என்பவர் 1891-ஆம் ஆண்டில் தம் சோதனைகளை வெளியிட்டார். அக்காலத்து வில்விளக்குகள் இலைகளைக் கருக்கின. பின்னர் வந்த இழைவிளக்கு, தான் உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே கழித்துவிடும். மரம் வளர்க்க அஃது உதவாது. குழல்விளக்கு அதனினும் மேலானது. எனினும் அதில் பாதரசம் உள்ளது. பாதரசத்தைக் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின்படி, 2027-ஆம் ஆண்டு முடிவிற்குள் அவ்விளக்குகளின் உற்பத்தியை நிறுத்துவதென 2023-இல் தீர்மானிக்கப்பட்டது. ஆகவே அவற்றைப் புதிதாய் வாங்குதல் சிக்கனமன்று. இப்பொழுது கொள்ளத்தக்கது எல்.இ.டி. விளக்கேயாகும்.

எத்தகைய விளக்கைத் தேர்தல்

முதலாவது, நிறம். சிவப்பும் நீலமும் மட்டும் கலந்து ஊதாவாய் எரியும் விளக்குகள் கடைகளில் மிகுதியாய் விற்கப்படுகின்றன. இலை அவ்விரு நிறங்களை நன்கு உண்ணுவது மெய்யே. ஆனால் பச்சை ஒளியும் வீணாவதில்லை. அது இலையின் உட்பகுதிக்கும் கீழிலைகளுக்கும் ஊடுருவிப் பயன்படுகின்றது. வெண்ணிற விளக்கில் எல்லா நிறங்களும் அடங்கியுள்ளன. அன்றியும், ஊதா ஒளியில் இலையின் மஞ்சள் நிறமோ, செதிற்பூச்சியோ, பூசணமோ கண்ணுக்குப் புலப்படாது. வெள்ளொளியில் உடனே தெரியும். 4,000 முதல் 6,500 கெல்வின் வரை குறிக்கப்பட்ட வெண்விளக்கு ஏற்றது. அதிலுள்ள நீலப்பகுதி கணுவிடைகள் நீளாமல் தடுக்கும்.

இரண்டாவது, திறன். பெட்டியின்மேல் '1,000 வாட்டுக்குச் சமம்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கலாகாது. விளக்கு உண்மையாக உண்ணும் வாட் எவ்வளவு என்பதையும், ஒரு ஜூல் மின்சக்திக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி தருகின்றது என்பதையும் வினவ வேண்டும். மைக்ரோமோல் என்பது இலைக்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் அளவு. நல்ல விளக்கு ஒரு ஜூலுக்கு 2.5 மைக்ரோமோலோ அதற்கு மேலோ தரும். இவ்விவரத்தை வெளியிடாத விளக்கை விலக்குதல் நலம்.

மூன்றாவது, தூரம். சிறிய குமிழ்விளக்கைப் பொறுத்தமட்டில், தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். ஓரடித் தூரத்தில் 20,000 லக்ஸ் தரும் விளக்கு, ஈரடித் தூரத்தில் 5,000 லக்ஸே தரும். கூரையில் மாட்டிய விளக்கு கீழேயுள்ள மரத்துக்குப் பயன்படாமைக்கு இதுவே காரணம். நீண்ட பட்டை விளக்கிலும் பலகை விளக்கிலும் இக்குறைவு சற்று மெதுவாய் நிகழும். மரம் முழுமைக்கும் ஒளி சீராய்ப் பரவும். ஆதலால் அவையே சிறந்தவை. மேலிலை உள்ள உயரத்தில் புறங்கையை அரை நிமிஷம் வைத்துப் பார்க்கையில் சூடு தோன்றினால், விளக்கைச் சிறிது உயர்த்த வேண்டும்.

ஒரு கணக்கு

ஈரடிச் சதுரமான மேடையில் ஆல், இச்சி முதலிய அத்தியினத்துக் குறுமரங்கள் சில உள்ளன எனக் கொள்க. இலைமட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு, வினாடிதோறும், 250 மைக்ரோமோல் அளவு ஒளி வேண்டும். வெண்ணிற எல்.இ.டி. விளக்கில் இஃது ஏறக்குறைய 17,000 லக்ஸுக்குச் சமம். மேடையின் பரப்பு ஏறக்குறைய 0.36 சதுர மீட்டர். எனவே தேவை 90 மைக்ரோமோல். விளக்கொளியில் மூன்றிலொரு பங்கு பக்கங்களில் சிதறும் என்று கொண்டால் 135 மைக்ரோமோல் வேண்டும். ஜூலுக்கு 2.5 தரும் விளக்காயின் 54 வாட் போதும், 1.5 மட்டும் தரும் மலிவான விளக்காயின் 90 வாட் வேண்டும்.

நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரித்தால், 30 நாளில் முதல் விளக்கு ஏறக்குறைய 23 யூனிட்டும், இரண்டாவது 38 யூனிட்டும் செலவாக்கும். ஓராண்டில் வித்தியாசம் சுமார் 180 யூனிட். வாங்கும்போது மிச்சமான பணம் மின்கட்டணத்தில் கரைந்துவிடுவதை இதனால் அறியலாம்.

லக்ஸ் அளவுகருவி சிறுவிலைக்குக் கிடைக்கின்றது. கைபேசியிலுள்ள செயலியும் தோராயமாய்க் காட்டும். எனினும், லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவாகையால் ஊதா விளக்குக்கு அக்கணக்கு பொருந்தாது.

எரிக்கும் நேரம்

நாள்தோறும் 12 முதல் 14 மணி நேரம் எரிப்பது முறை. ஒளி சிறிது குறைவாயின் 16 மணி வரை நீட்டலாம். இரவு முழுவதும் எரிப்பது வீண் செலவு. மரத்துக்கு இருட்பொழுதும் தேவை. நேரம் தவறாமல் ஏற்றி அணைக்கும் டைமர் கருவியைப் பொருத்திவிட்டால் மறதியால் வரும் கேடு இல்லை. தண்ணீர் தெளிக்கும் இடமாகையால், ஈரம் புகாத விளக்கையே வாங்கி, எர்த் இணைப்பும் மின்கசிவுத் தடுப்பானும் உள்ள இணைப்பில் மாட்டுதல் அவசியம். நாற்றுப்பண்ணையில் விளக்கிடுவோர், பம்புசெட்டுக்கென வழங்கப்பட்ட விவசாய மின்னிணைப்பிலிருந்து கம்பி இழுத்தல் விதிக்கு மாறானது. கிராம நிர்வாக அலுவலர்கள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நன்று.

பண்ணைக்காரர் செய்ய வேண்டுவது

வெயிலில் வளர்ந்த இலை வேறு. நிழலில் வளர்ந்த இலை வேறு. வெயில் இலைகளோடு மரத்தைத் திடீரென வீட்டினுள் கொண்டு சென்றால், அத்தியினத்து மரங்கள் இலைகளைக் கொட்டிவிடும். புளோரிடா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 1970-களிலேயே இதனை ஆராய்ந்து, விற்பனைக்கு முன் செடிகளை நிழலுக்குப் பழக்கும் முறையை வகுத்தனர். ஆகவே, வீட்டினுள் வைப்பதற்கென விற்கும் மரங்களைச் சில மாதங்கள் நிழல்வலைக்கடியில் வைத்துப் பழக்கி, அதன்பின்னரே விற்க வேண்டும்.

மரத்தின் இனத்தையும் நோக்குதல் வேண்டும். அத்தியினமும், தென்னிந்தியப் புதர்க்காடுகளில் தானே வளரும் கார்மோனாவும் விளக்கொளியைத் தாங்கும். பைன், ஜூனிப்பர், மேப்பிள் முதலிய குளிர்நாட்டு மரங்களுக்கோ குளிர்கால உறக்கம் இன்றியமையாதது. எத்தனை விளக்கிட்டாலும் அவை வீட்டினுள் நெடுநாள் வாழா.

முடிவு

ஜப்பானியர் இம்மரங்களை வெளியிலேயே வளர்த்து, விருந்தினர் பார்வைக்காகச் சில நாட்கள் மட்டும் உள்ளே கொணர்வர். உறைபனி விழும் நாடுகளில் வெப்பமண்டல மரங்களை வீட்டுக்குள் வைத்து விளக்கிட வேண்டியதாகின்றது. தமிழ்நாட்டுச் சமவெளியில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. மாடியோ திண்ணையோ உடையவர், இரண்டு மரங்களை வைத்துக் கொண்டு, ஒன்றை ஒரு வாரம் உள்ளேயும் மற்றதை வெளியேயும் மாற்றி மாற்றி வைத்தால் விளக்குச் செலவே வேண்டா. வெயில் புகாத அடுக்கு வீட்டிலும், கடையிலும், அலுவலகத்திலும் வைப்போருக்கே விளக்கு வேண்டும். மரத்தை விற்கும்போதே அஃது எங்கே வைக்கப்படும் என்று வினவி, இவ்விவரங்களைச் சொல்லி அனுப்பும் பண்ணைக்காரருடைய மரம் பிழைக்கும். அவருடைய வியாபாரமும் நிலைக்கும்.