முதல் காற்புள்ளி வரை மட்டும்

கொல்லிமலையில் பல ஊராட்சிகளின் பெயர் ‘நாடு’ என்றே முடியும். அறப்பளீசுவரர் கோயில் இருப்பது வளப்பூர் நாட்டில். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று இன்னும் பல உண்டு. இம்மலைக்கு ஒரு கையேடு அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். ‘வளப்பூர்,வாழவந்தி,அரியூர்’ என்று கொடுத்தால் போதும், ஒவ்வொன்றோடும் ‘நாடு’ தானாகச் சேர வேண்டும். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் இதற்காக நாமே எழுதிக்கொள்ளும் கட்டளைதான் மேக்ரோ.

தம் நூலின் அச்சுப்படி பிடிக்காமல் 1977-இல் டெக்கை உருவாக்கத் தொடங்கியவர் டொனால்ட் கனூத். அதில் ஒரு மேக்ரோ ஒன்பது உள்ளீடுகளுக்கு மேல் ஏற்காது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சி அதன் அடிப்படைக் கட்டளைகளில் இல்லை. ஆனாலும் நூறு பெயர்களை அது சளைக்காமல் கோக்கும்.

சூட்சுமம் காற்புள்ளியில் இருக்கிறது. ‘முதல் காற்புள்ளி வரை இருப்பதே என் உள்ளீடு’ என்று மேக்ரோவை வரையறுக்கலாம். அது வளப்பூரை எடுத்து, ‘நாடு’ சேர்த்து அச்சிட்டு, கடைசி வேலையாகத் தன்னையே மீண்டும் அழைக்கும். வளப்பூர் போய்விட்டதால் இப்போது முதலில் நிற்பது வாழவந்தி. பட்டியல் எவ்வளவு நீளம் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நிறுத்துவது எப்படி? பட்டியலின் கடைசியில் ஒரு முடிவுக்குறியை நாம் ரகசியமாகச் சேர்த்துவிடுகிறோம். அது கைக்கு வந்ததும் மேக்ரோ தன்னை அழைப்பதை விட்டுவிடும். குறியை மறந்தால், இல்லாத காற்புள்ளியைத் தேடிப் பத்தி முடியும்வரை ஓடி, ‘ரன்அவே ஆர்க்யுமென்ட்?’ (ஓடிப்போன உள்ளீடா?) என்று டெக் கேட்கும்.

பெயருக்குள்ளேயே காற்புள்ளி வந்தால், அப்பெயரை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்புள்ளியை டெக் கண்டுகொள்ளாது. அதைவிட நுட்பமான தொல்லை இடைவெளி. காற்புள்ளிக்குப் பிறகு நாம் பழக்கத்தில் விடும் இடைவெளியும் அடுத்த பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ‘ அரியூர்’ வேறு, ‘அரியூர்’ வேறு என்று ஒப்பீடு தவறும்.

டெக்கின் மேல் கட்டப்பட்ட லேடெக்கில் 2020 முதல் காற்புள்ளிப் பட்டியலுக்கான கட்டளைகள் கூடவே வருகின்றன. ஓரத்து இடைவெளியை நீக்குவதும் வெற்று உருப்படிகளைத் தள்ளுவதும் அவற்றின் வேலை. அன்றாடப் பணிக்கு அவற்றையே பயன்படுத்துங்கள். டெக் எப்படிப் படிக்கிறது என்று புரிய வேண்டுமானால், ஒரு முறை அந்தச் சிறு மேக்ரோவை நீங்களே எழுதிப் பாருங்கள்.